டோபமின் ஏற்பியும் மனச்சிதைவும்: ஒரு கருதுகோளின் எல்லைகள்

மனச்சிதைவு நோய்க்கு மூளையில் டோபமின் மிகுவதே காரணம் என்று சுருங்கக் கூறுவது வழக்கமாகிவிட்டது. இக்கருத்து எட்டப்பட்ட வழியை நோக்கினால், அதன் வலிமையும் எல்லையும் ஒருங்கே புலப்படும்.

இங்கு மருந்தே முதலில் வந்தது. காரணம் அதிலிருந்து பின்னோக்கி உய்த்துணரப்பட்டது. 1952-இல் பாரிசில் டிலேயும் டெனிக்கரும் குளோர்புரோமசினின் பயனை வெளியிட்டபோது, அது செயல்படும் முறை அறியப்படவில்லை. 1963-இல் கார்ல்சனும் லிண்ட்குவிஸ்ட்டும் சுண்டெலிகளிடம் நிகழ்த்திய ஆய்வு, இவ்வகை மருந்துகள் ஏற்பிகளை அடைக்கக்கூடும் எனச் சுட்டியது. 1976-இல் சீமன் குழுவினரும் சினைடர் குழுவினரும், நோயாளிக்குத் தேவைப்படும் மருந்தளவு, இன்று டி2 எனப்படும் டோபமின் ஏற்பியுடன் அம்மருந்து பிணையும் வலிமைக்கு இயைந்திருத்தலைத் தனித்தனியே நிறுவினர்.

இவ்வியைபு மருந்தின் செயலுக்குச் சான்றாகுமேயன்றி நோயின் தோற்றத்திற்குச் சான்றாகாது. பாராசிட்டமால் காய்ச்சலைத் தணிப்பதால், அம்மருந்துப்பொருள் உடலில் குறைந்தமையே காய்ச்சலுக்குக் காரணம் என எவரும் கொள்வதில்லை. மேலும், மருந்தால் பயன்பெறாத நோயாளிகளிடமும் டி2 ஏற்பிகள் பயன்பெற்றோரிடம் போலவே அடைக்கப்பட்டிருந்ததை மூளைப் படப்பதிவு ஆய்வுகள் காட்டின. அத்தகையோருக்கும் பயன் தரவல்லது என 1988-இல் மெய்ப்பிக்கப்பட்ட குளோசபின், டி2 ஏற்பியுடன் தளர்வாகவே பிணைகிறது. குளுட்டமேட்டின் என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும் கெட்டமின், நலமுடையோரிடமும் நோயை ஒத்த அறிகுறிகளைத் தற்காலிகமாகத் தோற்றுவிக்கிறது. 2024-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சனோமெலின்–டிராஸ்பியம் கூட்டுமருந்து டி2 ஏற்பியை அடைக்காமல், மஸ்கரினிக் ஏற்பிகளின் வழியே செயல்படுகிறது.

இவற்றால் டோபமின் கருதுகோள் பொய்த்துவிட்டது எனல் பொருந்தாது. நோயாளிகள் பலரின் வரியுடலத்தில் டோபமின் உருவாக்கம் மிகுந்திருத்தலைப் படப்பதிவுகள் உறுதிசெய்கின்றன. ஆயின், அம்மிகுதி இல்பொருள் காட்சி, பொய்நம்பிக்கை ஆகியவற்றை விளக்கும் அளவிற்கு, ஊக்கமின்மையையும் உணர்வு மங்கலையும் சிந்தனைத் தளர்ச்சியையும் விளக்குவதில்லை. டி2 அடைப்பு மருந்துகளும் இவற்றைப் பெரிதும் தணிப்பதில்லை.

ஒரு பகுதியின் விளக்கத்தை முழு நோயின் விளக்கமாகக் கொள்வதன் விளைவை நோயாளியே சுமக்கிறார். செவியில் கேட்ட குரல்கள் அடங்கியதும் அவர் குணமடைந்தவராகக் கருதப்படுகிறார். எஞ்சிய முடக்கம் சோம்பல் எனப் பழிக்கப்படுகிறது. ஆதலின், டோபமின் மிகுதியை நோயின் காரணமாகக் கூறுவதினும், அறிகுறிகள் சிலவற்றின் வழியாகக் கூறுவதே சான்றுகளுக்கு இயைந்ததாகும்.