பாட்டன்மார் மலையில் நான்கு முகங்கள்

சிற்பத்தைக் கலைக்கூடத்தில் காண்பது ஒன்று. அது பிறந்த மலைக்கே சென்று காண்பது மற்றொன்று. கூடத்துச் சிற்பத்தை மதிப்பிடச் செதுக்கியவரின் திறம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளலாம். மலைச் சிற்பத்தைக் காணும்போதோ, இம்மலை யாருடையது, இங்கு முன்னர் என்ன இருந்தது என்னும் வினாக்களும் உடன் எழுகின்றன. அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலத்து ரஷ்மோர் மலைச் சிற்பங்களைக் காணச் சென்றபோது இவ்வினாக்களிலிருந்து என்னால் விலக இயலவில்லை. கலையையும் அது நிற்கும் நிலத்தையும் முதலில் தனித்தனியே நோக்கி, பின்னர்ச் சேர்த்து எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புல்வெளிப் பாதை

சூ ஃபால்ஸ் நகரிலிருந்து ராப்பிட் சிட்டி ஏறத்தாழ 350 மைல் தொலைவு. மிசௌரி ஆறு வரையில் இருபுறமும் மக்காச்சோள வயல்கள். ஆற்றைக் கடந்தபின் மேய்ச்சல் புல்வெளி. வானமும் புல்லும் தொடும் கோட்டை மறைக்க ஒரு மரம்கூட இல்லாத இடங்கள் பல. காட்டெருமைகள் கூட்டம் கூட்டமாக மேய்ந்ததும், அவற்றை நம்பி லக்கோட்டா மக்கள் வாழ்ந்ததும் இந்நிலத்தில்தான்.

வழியில் பேட்லாண்ட்ஸ் என்னும் அரிமான நிலம் குறுக்கிடுகிறது. மழையும் காற்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் அரித்துச் செல்லும் மென்மையான மண்பாறைகள் அவை. அதற்கு மேற்கே கருங்குன்றங்கள் எழுகின்றன. அங்குள்ள ரஷ்மோர்க் கருங்கல் ஓர் அங்குலம் தேயப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகும் என்பர். அழியாத புகழை எழுத நினைத்தவர்கள் இக்கல்லைத் தேர்ந்ததன் காரணம், இவ்விரண்டையும் ஒரே நாளில் கண்டவர்க்கு எளிதில் விளங்கும்.

உளியின் வெற்றி

சிற்பி குட்ஸன் போர்க்லமின் தலைமையில் ஏறத்தாழ 400 தொழிலாளர் 1927 முதல் 1941 வரை இங்கு உழைத்தனர். வாஷிங்டன், ஜெஃபர்சன், தியோடர் ரூஸ்வெல்ட், லிங்கன் ஆகிய நால்வரின் முகங்கள், ஒவ்வொன்றும் 60 அடி உயரம். பன்னிரண்டில் ஒரு பங்கு அளவிலான மாதிரியைச் செய்து, அதன் அளவுகளைப் பன்னிரு மடங்காக்கி மலைக்கு மாற்றினர். பத்தில் ஒன்பது பங்கு வேலையைச் செய்தது டைனமைட் வெடி. எஞ்சியதே துளைக்கருவிக்கும் உளிக்கும் கிட்டியது.

இத்துணை முரட்டுக் கருவியால் இத்துணை நுட்பம் கூடியது வியப்பிற்குரியது. கண்களை நோக்குக. கருவிழியின் இடத்தை ஆழக் குடைந்து, நடுவில் ஒரு கற்றண்டை மட்டும் நீட்டி நிற்குமாறு விட்டுள்ளனர். குடைவில் நிழல் படிகிறது. தண்டின் முனையில் ஒளி விழுகிறது. கல் பார்க்கத் தொடங்குகிறது. ரூஸ்வெல்டின் மூக்குக் கண்ணாடியோ முழுமையாகச் செதுக்கப்படவே இல்லை. மூக்கின்மேல் ஒரு விளிம்பும் கண்ணோரத்தில் சில கோடுகளுமே உள்ளன. எஞ்சியதைக் காண்பவரின் மனம் நிரப்பிக்கொள்கிறது. செய்யுளில் குறிப்புப்பொருள் என நாம் கற்பிப்பதைச் சிற்பி கல்லில் செய்துள்ளார்.

குறைகளும் உண்டு. முதலில் வாஷிங்டனின் மறுபக்கம் செதுக்கத் தொடங்கிய ஜெஃபர்சன் முகம், பாறை பழுதானதால் தகர்க்கப்பட்டு இப்பக்கம் வந்தது. ரூஸ்வெல்ட் பின்னே ஒதுங்கி, இடநெருக்கடியில் நிற்பவர் போலத் தோன்றுகிறார். இடுப்பளவு வரை செதுக்கும் திட்டமும் நிறைவேறவில்லை. 1941 மார்ச்சில் போர்க்லம் மறைந்தார், அவ்வாண்டு அக்டோபரில் பணியும் நின்றது. முகங்கள் மலையிலிருந்து வெளிப்படும் தோற்றம் இதனால் காப்பாற்றப்பட்டது என்பதே என் கருத்து.

மறைந்த பெயர்

முகங்களின் கீழே உடைகற்கள் பெருங்குவியலாகச் சரிந்து கிடக்கின்றன. அகற்றப்பட்ட பாறை ஏறத்தாழ 4,50,000 டன். அக்குவியலை நோக்கும்போது, இழந்தது எது என்னும் வினா பிறக்கிறது.

லக்கோட்டா மக்கள் இம்மலையை ‘ஆறு பாட்டன்மார்’ என அழைத்தனர். ரஷ்மோர் என்பது, 1880களில் சுரங்க உரிமை ஆவணங்களை ஆராய வந்த நியூயார்க் வழக்கறிஞர் ஒருவரின் பெயர். கருங்குன்றங்கள் அம்மக்களுக்கே உரியவை என 1868ஆம் ஆண்டு உடன்படிக்கை உறுதி கூறியது. 1874இல் பொன் இருப்பது தெரிந்தது. 1877இல் நிலம் பறிக்கப்பட்டது. 1980இல் உச்ச நீதிமன்றம் இதற்கு இழப்பீடாகப் பத்துக் கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை வழங்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. மலையையே வேண்டும் அம்மக்கள் அத்தொகையை இன்றுவரை ஏற்கவில்லை.

1923இல் இத்திட்டத்தை முதலில் எண்ணிய டோன் ராபின்சன், லக்கோட்டாத் தலைவர் ரெட் கிளவுடின் உருவும் இடம்பெறலாம் எனக் கருதியிருந்தார். குடியரசுத் தலைவர்களே வேண்டுமெனத் தேர்ந்தவர் போர்க்லம். அத்தேர்வில் சிற்பம் நாடறிந்ததாயிற்று. நிலத்துக்குரியவர் உருவம் நீங்கிற்று.

மற்றொரு மலை

இதற்கு மறுமொழி போல, தென்மேற்கே சில மைல் தொலைவில் மற்றொரு மலை செதுக்கப்பட்டு வருகிறது. தம் மக்களுக்கும் வீரர் உண்டு என உலகறிய வேண்டுமென்று, தலைவர் ஹென்றி ஸ்டேண்டிங் பேர் 1939இல் சிற்பி கோர்சாக் சியோல்கோவ்ஸ்கிக்கு எழுதினார். 1948இல் பணி தொடங்கிற்று. 1877இல் காவலில் இருந்தபோது கொல்லப்பட்ட வீரர் கிரேஸி ஹார்ஸ், குதிரைமீது அமர்ந்து கைநீட்டிக் காட்டும் உருவம் அது. 1982இல் சிற்பி மறைந்தார், குடும்பத்தார் தொடர்கின்றனர். 1998இல் முகம் முற்றுப்பெற்றது. கையும் குதிரையும் இன்னும் முற்றவில்லை.

இதன் நோக்கம் உயர்ந்தது. ஆயினும் லக்கோட்டா மக்களிலேயே பலர் இதனை ஏற்பதில்லை. புனிதமான மலையை வெடிவைத்துத் தகர்ப்பது யாருக்காகச் செய்யினும் தவறே என்பது அவர்தம் வாதம். கிரேஸி ஹார்ஸின் உறுதிசெய்யப்பட்ட ஒளிப்படம் எதுவும் இல்லை. ஆதலின் அம்முகமும் சிற்பியின் கற்பனையே. மறுமொழி உரைக்க வந்த சிற்பம் எதிர்த்தரப்பின் மொழியையே கையாண்டுவிட்டது எனலாம்.

முடிவாகச் சில சொற்கள். ரஷ்மோரின் கண்களைச் செதுக்கிய கைகளை வணங்குகிறேன். கைத்திறனில் அது தேர்ந்த படைப்பு. நினைவுச்சின்னம் என்ற நிலையில் அதற்கு அம்மதிப்பெண்ணை வழங்க என் மனம் இசையவில்லை. தான் நிற்கும் நிலத்தின் பெயரை மறைத்து நிற்கும் சின்னம், நினைவூட்டும் கடமையைப் பாதியே செய்கிறது. மாணவர்க்கு இச்சிற்பத்தின் படத்தைக் காட்டும் ஆசிரியர், நான்கு முகங்களின் பெயர்களோடு மலையின் பழைய பெயரையும் சொல்லித்தர வேண்டும். அப்போதுதான் அப்படம் முழுமையாகும்.