மாதவியின் மகள்

மணிமேகலையைத் துறவுக் காவியம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். 1898-ல் உ. வே. சாமிநாதையர் அதை அச்சில் கொண்டுவந்ததிலிருந்து, பௌத்த நூல் என்ற பெயரே அதற்கு முன்னால் போய் நிற்கிறது. கதை படிக்கிறவர்கள் மரியாதையாக ஒதுங்கிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. தாய்க்கும் மகளுக்கும் நடுவே விழுகிற முடிச்சை இத்தனை நேராகச் சொன்ன கதை தமிழில் குறைவு.

கோவலன் கொலையுண்டதைக் கேட்ட மாதவி அறவண அடிகளைச் சரணடைகிறாள். இந்திர விழாவுக்கு ஆட வரவில்லையே என்று ஊர் பேச, அவள் தாய் சித்திராபதி ஆள் அனுப்புகிறாள். மணிமேகலை கண்ணகியின் மகள், தவத்துக்கு உரியவள், கணிகை வாழ்வுக்கு வரமாட்டாள் என்று மாதவி பதில் சொல்லுகிறாள். தான் பெற்ற பெண்ணை வேறொருத்தியின் மகள் என்கிறாள்!

பற்றை விடு என்கிற பௌத்தம் அன்பையும் விடச் சொல்லுகிறதா? சித்தார்த்தர் பச்சைக் குழந்தை ராகுலனை விட்டுப் போனதை வைத்துப் பலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். (அந்த ராகுலன் பிறகு தகப்பனாரின் சங்கத்திலேயே சேர்ந்ததை மறந்துவிடுகிறார்கள்.) சாத்தனாரின் மாதவி விடுவது ‘என்னுடையவள்’ என்கிற பாத்தியதையை. சித்திராபதியால் அதைத்தான் விட முடியவில்லை. கிழவியை முழுக்கக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. அவளுக்குத் தெரிந்த பிழைப்பு அது ஒன்றுதான்.

மாதவியின் பதிலுக்கு நல்ல உரை எனக்கு மரக்காணத்தில் கிடைத்தது. சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இந்தப் பக்கம்தான் என்பது அறிஞர் சிலரின் கருத்து. அந்தப் பாட்டில் உப்பு வணிகரின் வண்டிகளோடு அவர்கள் பிள்ளைகளும் வருகிறார்கள். தொழில் போகிற வழியே குடும்பமும் போகிறது. இன்றைய உப்பளத்தில், கூடை கூடையாக உப்பைச் சுமந்து கரையில் கொட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், விடுதியில் தங்கிப் படிக்கும் மகளைப் பற்றிச் சொன்னாள்: “எங் காலு வெந்தது போதும் ஐயா. அவ காலு இந்தப் பாத்தியில படக்கூடாது. எங்க இருந்தா என்னா, நல்லா இருந்தா சரி.” பௌத்தம் அவள் காதில் விழுந்திருக்காது.

ஆனால் மாதவி மகளைக் கேட்டாளா? கேட்கவில்லை. மணிமேகலையின் மனம் உதயகுமாரன் பின்னால் போகிறது. சுதமதியிடம் அவளே சொல்லுகிறாள். நாவலாசிரியன் பொறாமைப்படுகிற இடம் இது. போன பிறவியில் அவன் அவள் கணவன் என்று சாத்தனார் பிறகு காரணம் காட்டுவது, என் அபிப்பிராயத்தில், கொஞ்சம் சௌகரியமான ஏற்பாடு. அவன் வெட்டுண்டு கிடக்கும்போது அவள் அழுதுகொண்டு உடலருகே போகப் பார்ப்பதும், கந்திற்பாவை தடுப்பதும்தான் உண்மையாக இருக்கின்றன.

அதற்குப் பிறகும் உறவு அவளை விடுவதில்லை, அவளும் விடுவதில்லை. வஞ்சிக்குப் போய்க் கண்ணகியின் படிமத்தின் முன் நின்று அழுகிறாள். அங்கேயே கோவலனின் தகப்பன் மாசாத்துவான், இப்போது பௌத்தத் துறவி, பேத்தியைச் சந்திக்கிறான். பின்னால் வருகிற தர்க்கப் பகுதியை அவசரக்காரர்கள் புரட்டிவிட்டுப் போகலாம். காஞ்சியை மட்டும் விட்டுவிடக் கூடாது. பஞ்சம் பிடித்த அந்த ஊரில் மணிமேகலை அமுதசுரபியை வைத்து வந்தவர்க்கெல்லாம் சோறிடுகிறாள். அறவண அடிகளோடு மாதவியும் சுதமதியும் வந்து சேருகிறார்கள். எழுந்து எதிர்கொண்டு உபசரித்து, அம்மாவுக்கும் அதே பாத்திரத்திலிருந்து உணவு படைக்கிறாள்.