மணல் தொட்டிக்கு அனுமதி வேண்டாம்

மனை வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்த்திருப்பீர்கள். அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் அதில் வந்துவிடும். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பது மட்டும் வராது. அமெரிக்காவில் பெரிய வில்லங்கமே அதுதான்.

நயாகரா ஊரில் ரசாயனக் கழிவைப் புதைத்த ஒரு கம்பெனி, அந்த இடத்தை 1953-ல் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றது. 1978-ல் அங்கே நெருக்கடி நிலை அறிவித்து, குடும்பங்களை வெளியேற்ற வேண்டி வந்தது. அந்த லவ் கனால் அதிர்ச்சியில் பிறந்ததுதான் 1980-ன் சூப்பர்ஃபண்ட் சட்டம். விஷத்தைக் கொட்டியவர் மட்டுமல்ல, இன்றைக்கு நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரும் சுத்தம் செய்யும் செலவுக்குப் பொறுப்பு என்றது அது. பி.காம்.-ல் 'வாங்குகிறவனே உஷார்' என்ற கோட்பாட்டை உருப்போட்டு பாஸ் பண்ணியவன் நான். எனக்கே இது கொஞ்சம் ஓவராகத்தான் பட்டது.

அவர்களுக்கும் பட்டிருக்கிறது. 1986-ல் ஒரு திருத்தம்: விசாரித்துப் பார்த்தும் தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று நிரூபித்தால் தப்பலாம். 2002-ல் இன்னொன்று: அந்த ஆண்டு ஜனவரி 11-க்குப் பிறகு வாங்குபவர், முறைப்படி ஆய்வு செய்திருந்தால், விஷம் இருப்பது தெரிந்தே வாங்கினாலும் தப்பலாம். பாழடைந்து கிடக்கும் பழைய ஃபேக்டரி இடங்களை யாராவது வாங்கி உருப்படியாக ஏதாவது செய்யட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். பக்கத்து நிலத்து விஷம் பரவி வந்து மாட்டிக்கொண்டவருக்கும் அதே 2002-ல் விலக்கு கொடுத்தார்கள். ஆனால் வாங்கும்போது அவருக்கு விஷயம் தெரிந்திருக்கக் கூடாதாம்!

கவனியுங்கள். ஆய்வு அறிக்கையும் வக்கீலுமாக வருகிறவர் தெரிந்து வாங்கினால் பரவாயில்லை. பக்கத்திலேயே குடியிருப்பவர் தெரிந்து வாங்கினால் தப்பு.

மொன்டானா மாநிலத்தில் அனகோண்டா என்ற ஊர். 1980 வரை அங்கே தாமிரம் உருக்கினார்கள். 585 அடி உயரப் புகைபோக்கி இன்னும் நிற்கிறது. அதன் வழியே ஆர்சனிக்கும் ஈயமும் போய்ப் படிந்தது 300 சதுர மைல்களுக்கும் மேல். வீட்டு மண்ணில் பத்து லட்சத்துக்கு 250 பங்கு ஆர்சனிக் வரை இருக்கலாம் என்றது மத்திய சுற்றுச்சூழல் நிறுவனம். எங்களுக்கு 15 பங்குக்கு மேல் வேண்டாம் என்று 98 நிலச் சொந்தக்காரர்கள் 2008-ல் கம்பெனி மீது வழக்குப் போட்டார்கள்.

2020-ல் சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? உங்கள் நிலத்தில் விஷம் வந்து சேர்ந்திருக்கிறது, ஆகவே சட்டப்படி நீங்களும் பொறுப்பாளிகள். அவர்களிடம் காசு வசூலிக்கும் காலக்கெடு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் பட்டம் போகாது. பொறுப்பாளி என்றால் மத்திய நிறுவனத்தின் அனுமதியில்லாமல் மண்ணைச் சுத்தம் செய்யக் கூடாது. பக்கத்து நிலத்துக்காரர் விலக்கு? கிடையாது. உருக்காலைப் புகை ஊரறிந்த விஷயம், தெரிந்துதானே வாங்கினீர்கள் என்றுவிட்டது.

ஆளாளுக்குத் தோண்டினால் விஷம் நிலத்தடி நீரில் இறங்கிவிடும் என்ற பயம் நியாயமானதுதான். நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு அனுமதி வாங்கு என்று சொன்னால் போதாதா? கொட்டியவருக்கு வைத்த அதே பெயரைக் கொட்டுப்பட்டவருக்கும் ஏன் வைக்க வேண்டும்? மூன்று முறை எழுதிய சட்டத்தில், புகைபோக்கிக்குக் கீழே பிறந்து அங்கேயே வீடு வாங்கியவனுக்கு ஒரு வரி எழுத இடமில்லாமல் போயிற்றா?

இப்படியே போனால் பேரக் குழந்தைக்கு மணல் தொட்டி தோண்டக்கூட அனுமதி கேட்க வேண்டுமே என்று அவர்கள் தரப்பில் சொன்னார்கள். வேண்டாம் என்றது தீர்ப்பு. தோட்டம் போடலாம், ஸ்பிரிங்க்ளர் வைக்கலாம், குழந்தைக்கு மணல் தொட்டியும் தோண்டலாம். ஆர்சனிக்கை அகற்றத்தான் அனுமதி வேண்டும்.