கேட்கப்படாத மொழி: மனநலச் சட்டத்தின் ஓர் இடைவெளி

காலனியக் காலக் காப்பகங்கள் ஐரோப்பியரையும் இந்தியரையும் பிரித்து வைத்தன, அப்பாகுபாடு வெளிப்படையானது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இன, சமயக் குழுச்சார்பைக் கொண்டு மனநோயைத் தீர்மானிப்பதைத் தடுக்கிறது (பிரிவு 3). சாதி, வர்க்கம் முதலியவற்றால் சிகிச்சையில் வேறுபாடு காட்டுவதையும் விலக்குகிறது (பிரிவு 18). அப்பட்டியலில் மொழி இல்லை. ‘பிற எவ்வடிப்படையும்’ என்னும் தொடரில் அது அடங்கும் எனலாம். ஆயினும் மனநல மருத்துவத்தில் மொழி பிறவற்றுள் ஒன்றன்று. நோயாளியின் பேச்சே இங்கு நோயறிதலுக்கு முதன்மைச் சான்று. கடம்பத்தூரை உள்ளிட்ட திருவள்ளூர் மாவட்டச் செங்கற்சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். முன்பணம் கொடுத்து அழைத்துவந்த மேஸ்திரியே ஒரு தொழிலாளியின் ஒடியாப் பேச்சைத் தமிழாக்கினால், சூளையைப் பற்றிய அச்சம் மருத்துவரை எட்டுமா? பிரிவு 22 நோயாளிக்குப் புரியும் மொழியில் தகவல் தரச் சொல்கிறது. அவர் சொல்வதைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளரை அமர்த்துமாறு அது பணிக்கவில்லை.