மீட்கப்படும் குழல்கள்: யாருடைய பாட்டுக்காக?

பழுதுபட்ட குழல் ஆர்கன்களின் உறுப்புகளைச் சேகரித்து வேறோர் ஆலயத்தில் பொருத்தும் வழக்கம் மேல்நாட்டுத் திருச்சபைகளில் நெடுங்காலமாக உண்டு. அங்கே ஆலயங்கள் மூடப்படும்போது அவற்றின் ஆர்கன்கள் குறைந்த விலைக்கோ இலவசமாகவோ கிடைக்கின்றன. அத்தகைய உறுப்புகளை ஜவ்வாது மலையின் சிறு சபையொன்றுக்கு அளிக்க யாரேனும் முன்வந்தால், அச்சபை என்ன விடை கூறவேண்டும்? இவ்வினாவை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. பிறர் பயன்படுத்திய பொருளை நன்கொடையாகப் பெறும் ஒவ்வொரு சபையும் ஏதோவொரு வடிவில் இதனைச் சந்திக்கிறது.

முதலில் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். ஆர்கன் குழல் மரத்தாலோ, ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தாலோ ஆனது. அதன் வாய் குறிப்பிட்ட காற்றழுத்தத்துக்கும் குறிப்பிட்ட ஆலயத்தின் அளவுக்கும் ஏற்பச் செப்பனிடப்பட்டது. அழுத்தம் மாறினால் ஒலியின் தன்மை மாறும். வெப்பம் ஏறினால் சுருதியும் ஏறும். துருத்தியின் தோல் நாளடைவில் நைந்துபோகும். மரப்பெட்டியைக் கறையான் அரிக்கும். எனவே குழலை இடம் மாற்றுவோர் அதனைப் புதிய காற்றுக்குப் பழக்கவேண்டும். அவ்வாறு செய்யாமல் குழல்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின் பின்னே மின்னணுக் கருவியை ஒலிக்கச்செய்வது மீட்பு ஆகாது. பேசாத வாயைப் பேசுவதாகக் காட்டுவது வழிபாட்டுக்குப் பொருந்துவதன்று.

இதற்கு மாறான ஒரு முன்மாதிரி பிலிப்பைன்ஸ் நாட்டில் மணிலாவுக்கு அருகிலுள்ள லாஸ் பின்யாஸ் ஆலயத்தில் உள்ளது. ஸ்பானியக் குருவாகிய தியேகோ செரா 1816-இல் தொடங்கி 1824-இல் முடித்த அந்த ஆர்கனின் 1,031 குழல்களுள் 902 மூங்கிலால் ஆனவை. மூங்கிலில் அமையாத எக்காள ஒலிக்கு மட்டும் அவர் உலோகத்தை நாடினார். நிலநடுக்கத்தாலும் புயலாலும் கருவி சிதைந்தது. கைவிடப்பட்டுக் கிடந்த குழல்களை 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெல்ஜியக் குருவாகிய விக்டர் ஃபானியெல் கண்டெடுத்தார். 1973-இல் அக்கருவி பிரித்தெடுக்கப்பட்டு, ஜெர்மனியிலுள்ள கிளைஸ் பட்டறையின் பொறுப்பில் புதுப்பிக்கப்பட்டு, 1975-இல் திரும்பிவந்தது.

இப்பணியைப் போற்றும் நாம் ஒரு குறையையும் சுட்டவேண்டும். உள்ளூர் மூங்கிலைப் பேசவைக்கும் கைகள் அன்று உள்ளூரில் இல்லை. 1994-இல் லாஸ் பின்யாசிலேயே தியேகோ செரா பெயரால் ஓர் ஆர்கன் பட்டறை நிறுவப்பட்டபோதுதான் மீட்பு நிறைவெய்தியது என்பது நம் துணிபு.

இனி நம் நிலைக்கு வருவோம். சென்னை எழும்பூர் புனித அந்திரேயா ஆலயத்தில் இங்கிலாந்தின் கோனாக்கர் நிறுவனம் செய்த ஆர்கன் 1883-இல் நிறுவப்பட்டது. பாமாலைகளுக்கு அத்தகைய கருவி சாலப் பொருந்தும். ஆனால் தமிழ்ச் சபையின் பாட்டு பாமாலையோடு முடிவதில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களை உள்ளடக்கிய கீர்த்தனைத் தொகுப்பை மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இலேயே வெளியிட்டார். கீர்த்தனையின் கமகங்களைக் கட்டைகளுள்ள கருவி காட்டமாட்டாது. இக்குறை ஆர்மோனியத்துக்கும் உண்டு. எனினும் ஆர்மோனியத்தை ஒருவர் தூக்கிச் செல்லலாம்; அருகிலுள்ள ஊரிலேயே பழுதுபார்க்கலாம். அதனால்தான் அது நம் சபைகளில் வேரூன்றியது.

ஆர்கன் அந்நிய ஆட்சியின் எச்சம், அழியட்டும் என்பாருடன் நாம் உடன்படவில்லை. மூதாதையர் காணிக்கையால் வந்ததைக் கறையானுக்கு விடுவது உக்கிராணத்துவம் அன்று. ஆயினும் பழையது என்பதற்காகவே ஏழைச் சபை அதனைச் சுமக்க வேண்டும் என்பாருடனும் நாம் உடன்படுவதற்கில்லை. 1 கொரிந்தியர் 14-ஆம் அதிகாரத்தில் பவுல் குழலையும் சுரமண்டலத்தையும் எடுத்துக்காட்டி, ஒலி தெளிவாக விளங்கவேண்டும் என்று வற்புறுத்துகிறார். சபையின் பக்திவிருத்தியே அவர் கொள்ளும் அளவுகோல்.

ஆகவே மலைச்சபையின் போதகர் நன்கொடையாளரிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். எம் மக்கள் பாடும் பாட்டுக்கு இக்குழல்கள் துணை நிற்குமா? குழல்களோடு அவற்றைப் பேணும் பயிற்சியையும் எம் இளைஞர் ஒருவருக்கேனும் அளிப்பீர்களா? இரண்டுக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால் நன்றியோடு ஏற்கலாம். கிடைக்காவிடில் பணிவோடு மறுப்பதே தகும். அம்மறுப்பை நன்றிகேடு என்று எண்ணவேண்டியதில்லை. தன் வழிபாட்டுக்குத் தானே பொறுப்பேற்கும் சபையே அவ்வாறு மறுக்க இயலும்.