போலீசிடம் ஏன் போகவில்லை?

துப்பறியும் நிபுணர் ஒருவர் கொலையாளியைத் தேடிக் கிளம்பினால் யாரும் காரணம் கேட்பதில்லை. அது அவர் தொழில். பள்ளிக்கூடம் போகும் பெண்ணோ பையனோ அதே வேலையில் இறங்கினால் மட்டும் வாசகர் மனத்தில் ஒரு கேள்வி முளைக்கும்: இவர்கள் ஏன் போலீசிடம் போகவில்லை? இளையோருக்கான துப்பறியும் நாவலின் உயிர் இந்தக் கேள்விக்கு ஆசிரியர் சொல்லும் பதிலில்தான் இருக்கிறது. புதிரை எவ்வளவு சாமர்த்தியமாகப் பின்னினாலும் அந்தப் பதில் பொய்யென்றால் கதை நிற்காது.

எரிக் கேஸ்ட்னர் 1929இல் ஜெர்மன் மொழியில் எழுதிய ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ தரும் பதில் இன்றைக்கும் மனத்தைத் தொடுகிறது. எமிலின் அம்மா கணவரை இழந்தவர், முடியலங்காரம் செய்து பிழைப்பவர். பெர்லினில் இருக்கும் பாட்டிக்காகவும் வழிச்செலவுக்காகவும் 140 மார்க் கொடுத்து மகனை ரயிலேற்றுகிறார். பணம் பத்திரமாக இருக்கவேண்டுமே என்று பையன் ரயில் கழிவறைக்குள் போய், நோட்டுகளைக் கோட்டின் உள்துணியோடு சேர்த்து ஊசியால் குத்தி வைக்கிறான். கண்ணயர்ந்த நேரத்தில் பணம் போய்விடுகிறது.

அவன் போலீசிடம் போவதில்லை. சொந்த ஊரில் ஒரு பிரபுவின் சிலைக்குச் சிவப்பு மூக்கும் மீசையும் வரைந்தவன் அவன். காக்கிச்சட்டையோ நீலச்சட்டையோ, சீருடையைக் கண்டாலே அவனுக்கு உதறல். தானே ஒரு குற்றவாளி என்று நம்பும் குழந்தை வேறு யாரிடம் போகும்? பெர்லின் தெருப் பையன்களிடம்தான். அவர்கள் திரண்டு திருடனைப் பின்தொடர்ந்து வங்கியில் மடக்குகிறார்கள். நோட்டு தன்னுடையது என்று நிரூபிக்க எமிலிடம் இருப்பது அந்த ஊசித்துளைகள் மட்டுமே. அம்மாவின் உழைப்பைக் காக்கக் குத்திய ஊசியே சாட்சி சொல்கிறது. துப்பறியும் இலக்கியத்தில் இதைவிட எளிய, இதைவிடக் கனமான தடயம் அரிது.



அமெரிக்காவில் 1930 ஏப்ரலில் வெளிவரத் தொடங்கிய நான்ஸி ட்ரூ துப்பறியும் வரிசையில் இந்தக் கேள்வியே எழாது. நான்ஸியின் அப்பா வழக்கறிஞர். அவளுக்குச் சொந்தமாக நீலநிறக் கார் உண்டு, போலீஸ் அதிகாரிகளும் அவளை மதிக்கிறார்கள். வசதியான வீட்டுக் கனவு என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியிருந்த நாட்டில், ஒரு பெண் தனியாகக் கார் ஓட்டிப் போய்ப் பூட்டிய கதவுகளைத் திறந்தது சிறுமிகளுக்குச் சாதாரணச் செய்தி அல்ல. அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதிகளாக உயர்ந்த சான்ட்ரா டே ஓ’கானர், ரூத் பேடர் கின்ஸ்பர்க், சோனியா சோட்டோமேயர் மூவருமே சிறுவயதில் நான்ஸியை விரும்பிப் படித்தவர்கள்.

அட்டையில் ‘கரோலின் கீன்’ என்றிருந்தாலும் அப்படி ஒருவர் இல்லை. எட்வர்ட் ஸ்ட்ராட்டமேயரின் நிறுவனம் கதைச்சுருக்கம் தரும். தொடக்க நூல்களை எழுதிய மில்ட்ரெட் வர்ட் பென்சனுக்கு ஒரு நூலுக்கு 125 டாலர் கூலி, உரிமை ஏதும் இல்லை. 1980இல் பதிப்பகங்களுக்கிடையே நடந்த வழக்கில் அவர் சாட்சி சொன்ன பிறகே உண்மை பரவலாகத் தெரிந்தது. ரகசியங்களை உடைக்கும் பெண்ணைப் படைத்தவர் அரை நூற்றாண்டுக் காலம் தாமே ரகசியமாக இருக்க நேர்ந்தது கொடுமை. 1959 முதல் பழைய நூல்கள் திருத்தி எழுதப்பட்டன. இனவெறி வாடை நீங்கியது நல்லது. கூடவே நான்ஸியின் துடுக்கும் குறைந்துபோனது.

வங்காளத்தில் 1965இல் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் சத்யஜித் ராய் தொடங்கிய ஃபெலுடா கதைகள் வேறு வழியில் போகின்றன. துப்பறிபவர் பெரியவர், கதை சொல்பவன் தம்பி முறையான தோப்ஷே. சிறுவன் பார்க்கக் கற்றுக்கொள்கிறான், அவனோடு வாசகரும்.

2007இல் வந்த ஷிவான் டவுடின் ‘லண்டன் ஐ மர்மம்’ நாவலில் சலீம் என்ற சிறுவன் ராட்சதச் சக்கரத்தில் ஏறுகிறான், இறங்கவில்லை. அவனுடைய உறவுக்காரப் பையன் டெட் மற்றவர்களைப் போல் சிந்திப்பவன் அல்ல. வரிசையாகக் காரணங்களை எழுதி அலசுகிறான். போலீசும் பெற்றோரும் பக்கத்திலேயே இருந்தும் அவன் பேச்சைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. எமிலின் பயத்துக்கு நிகராக நம்பவைக்கும் பதில் இது.

ஹாலி ஜாக்சன் 2019இல் எழுதிய ‘எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்’ நேரடியாகப் போலீசையே சந்தேகிக்கிறது. ஆண்டி பெல் என்ற பெண் காணாமல் போய் ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன; பிணம்கூடக் கிடைக்கவில்லை. அவளுடைய காதலன், இந்தியக் குடும்பத்துப் பையன் சால் சிங், கொன்றுவிட்டுத் தானும் செத்தான் என்று ஊர் கோப்பை மூடிவிட்டது. பள்ளிச் செயல்திட்டம் என்ற பெயரில் பிப் என்ற மாணவி அதைத் திறக்கிறாள். பேட்டிகளின் எழுத்து வடிவமும் நாட்குறிப்புகளும் கதையோடு கலந்து வருவதால், அவள் பார்க்கும் சான்றையெல்லாம் வாசகரும் புரட்டிப் பார்க்கலாம். விசாரணையால் நண்பர்களும் குடும்பமும் காயப்படுவதை ஜாக்சன் மறைக்கவில்லை. நான்ஸி கட்டாத விலையைப் பிப் கட்டுகிறாள்.

2021இல் வந்த, இதே வரிசையின் மூன்றாம் நாவலில் யாரோ பிப்பைப் பின்தொடர்கிறார்கள். இந்த முறை அவள் போலீசிடம் போகிறாள். அதிகாரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு பிப் செய்யும் காரியத்தை ஏற்க முடியாமல் புத்தகத்தை மூடிய வாசகர்கள் உண்டு. அந்தத் துணிச்சலால்தான் இது வரிசையில் மிக வலுவான நூலாகிறது.