நாடக அரங்கில் அகவைக் குறிப்பும் உள்ளடக்கக் குறிப்பும்: மூன்று நாடகங்களை முன்வைத்து

மாநகர நாடகக் குழுக்கள் தம் வரும் பருவத்துக்கான நிகழ்ச்சி நிரலை வெளியிடும்போது, நாடகத்தின் பெயர், ஆசிரியர், இயக்குநர், கால அளவு ஆகியவற்றின் கீழே மேலும் ஒரு வரியைச் சேர்ப்பது இன்று பரவலாகி வருகிறது. இன்ன வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியது, வன்முறைக் காட்சி உண்டு, வசைமொழி உண்டு என்பன போன்ற செய்திகளை அவ்வரி தரும். திரைப்படத்துக்கு இவ்வகைப்பாடு சட்டத்தின்வழி வருவது. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டபோது 7, 13, 16 என்னும் வயது எல்லைகள் அதனுள் புகுந்தன. நாடகத்துக்கு இந்திய அளவில் அத்தகைய சட்ட வகைப்பாடு ஏதுமில்லை. நாடகக் குழு தானே தன் படைப்பைப் படித்து, தானே தீர்மானித்து எழுதும் குறிப்பு இது. ஆதலின் ஒரு நாடகத்தைப் பற்றி எழுதப்படும் முதல் திறனாய்வு இதுவே எனலாம். நுழைவுச்சீட்டு வாங்குவோருள் பலர் படிக்கும் ஒரே திறனாய்வும் இதுவாகவே இருக்கக்கூடும். எனினும் திறனாய்வுக்குரிய கவனம் இவ்வரிக்குக் கிடைப்பதில்லை.

யார்முன் எதைக் காட்டலாம் என்னும் வினா இந்திய நாடக மரபுக்குப் புதியதன்று. நாட்டிய சாஸ்திரம் முத்தம், தழுவல், உறக்கம் முதலியவற்றை மேடையில் விலக்கச் சொல்கிறது. அதற்கு அந்நூல் கூறும் காரணம் குறிக்கத்தக்கது. தந்தையும் மகனும், மாமியாரும் மருமகளும் ஒருங்கே அமர்ந்து காண்பது நாடகம் என்பதே அக்காரணம். காட்சி தன்னளவில் தீயது என்று அந்நூல் சொல்லவில்லை. அதைக் காணும்போது அருகில் இருப்பவர் யார் என்பதையே அது எண்ணுகிறது. போர், இறப்பு, நகர முற்றுகை ஆகியவற்றை நடித்துக் காட்டாது, பிறர் வாய்மொழியாக அறிவிக்குமாறும் அது விதிக்கிறது. அவையோர் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதற்காக மேடை தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. இன்றைய அகவைக் குறிப்போ மேடையைச் சுருக்காமல் அவையைப் பிரிக்கிறது. இரண்டும் ஒரே அக்கறையிலிருந்து பிறந்து எதிரெதிர்த் திசையில் செல்வன.

இவ்விரண்டுக்கும் புறம்பான மூன்றாவது வழி தெருக்கூத்தில் உண்டு. திரௌபதி அம்மன் திருவிழாவில் துகிலுரிதல் விடிய விடிய ஆடப்படுகிறது. கைக்குழந்தை முதல் முதியோர் வரை ஊரே அமர்ந்திருக்கும். கட்டியக்காரனின் பேச்சில் கொச்சைக்கும் குறைவில்லை. ஆயினும் அங்கு முன்னறிவிப்பு எதுவும் வேண்டப்படுவதில்லை. கதை அனைவரும் அறிந்தது. சேலை வளரும் என்பதும் முன்பே தெரிந்தது. குழந்தை அஞ்சினால் மடியில் போட்டுக்கொள்ளப் பாட்டி பக்கத்தில் இருக்கிறார். ஊரின் பொது அறிவே அங்கு முன்னறிவிப்பாக நிற்கிறது. நகர அரங்கில் நுழைவுச்சீட்டு பெற்று இருளில் தனித்தனியே அமர்வோர்க்கு இந்தப் பொது அறிவு இல்லை. அவ்விடத்தை நிரப்பவே குறிப்புத் தேவைப்படுகிறது. எனவே கூத்துக்கு இல்லாதது நாடகத்துக்கு மட்டும் ஏன் என வினவுவது பொருந்தாது. அக்குறிப்பு எவ்வாறு எழுதப்படுகிறது என்பதே ஆராயத்தக்கது.

ஒரு நாடகக் குழு ஒரே பருவத்தில் ஊருபங்கம், சகாராம் பைண்டர், திரௌபதி ஆகிய மூன்றையும் மேடையேற்றுவதாகக் கொண்டு பார்க்கலாம்.

ஊருபங்கம் பாசனுடையதாகக் கொள்ளப்படும் ஓரங்க நாடகம். த. கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்திலிருந்து 1912 முதல் பதிப்பித்த நாடகத் தொகுதியைச் சேர்ந்தது. (அத்தொகுதி முழுவதும் பாசனுடையதுதானா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை.) வீமனும் துரியோதனனும் பொருத கதைப்போரை மூன்று வீரர்கள் சொல்லக் கேட்கிறோம், இதுவரை நாட்டிய சாஸ்திர விதி காக்கப்படுகிறது. பின்னர்த் தொடை முறிந்த துரியோதனன் மேடைக்கு வருகிறான், நாடகத்தின் முடிவில் மேடையிலேயே இறக்கிறான், விதி மீறப்படுகிறது. வழக்கமான முறையில் குறிப்பெழுதினால் ‘குருதி, இறப்பு; 13 வயதுக்கு மேல்’ என்று முடிந்துவிடும். ஆனால் இந்நாடகத்தின் உயிர்நிலை வேறோரிடத்தில் உள்ளது. சிறுவன் துர்ஜயன் தந்தையின் மடியில் அமர வருகிறான். தந்தை தடுக்கிறான். ஏன் தடுக்கிறான் என்பது சிறுவனுக்கு விளங்கவில்லை. திரௌபதியை அவமதிக்கக் காட்டிய தொடை, தன் மகன் அமர வருகையில் இல்லாமற் போயிற்று. பத்து வயதுப் பிள்ளையைக் கலங்கச் செய்வது இவ்விடமே; குருதிச் சாயம் அன்று. அவ்வாறு கலங்குவது அப்பிள்ளைக்குத் தீங்கா என்பது பெற்றோர் தீர்மானிக்க வேண்டியது. தீர்மானிப்பதற்குரிய செய்தியை ‘குருதி, இறப்பு’ என்னும் இரு சொற்கள் அவர்களுக்குத் தருவதில்லை. மேடையில் ஒரு சிறுவனை நிறுத்தியிருக்கும் நாடகத்திலிருந்து அவையிலுள்ள சிறுவர்களை எண்ணிப் பாராமல் விலக்குவது முரணும் ஆகும்.

விஜய் தெண்டுல்கரின் சகாராம் பைண்டர் இதற்கு மாறானது. கணவரால் கைவிடப்பட்ட பெண்களை நிபந்தனை பேசி வீட்டில் சேர்த்துக்கொள்ளும் புத்தகக் கட்டுநன் ஒருவனின் கதை இது. வசைமொழி, குடி, பாலியல் வன்முறை, கொலை எனப் பட்டியல் நீளும். பதினெட்டு வயது எல்லை இதற்குப் பொருந்தும் என்பதில் ஐயமில்லை. ஆயின் காரணம் அப்பட்டியல் அன்று. சம்பா குடித்த பிறகே சகாராமின் உடலைப் பொறுத்துக்கொள்கிறாள் என்பதையும், பூசையும் பக்தியுமாக இருக்கும் லட்சுமி, கொலைக்குப் பின் பிணத்தைப் புதைப்பதில் காட்டும் நிதானம் சகாராமின் முரட்டுத்தனத்தினும் அச்சம் தருவது என்பதையும் உணர்வதற்கு, திருமணம் என்னும் ஏற்பாட்டைப் பற்றிய சற்று முதிர்ந்த அறிவு வேண்டும். அது வாய்க்காத வயதினர்க்கு இந்நாடகம் வசைமொழியாக மட்டுமே எஞ்சும். இங்கு அகவை எல்லை பார்வையாளரைக் காப்பதைவிட நாடகத்தையே காக்கிறது.

இந்நாடகத்தின் வரலாறு மற்றோர் எச்சரிக்கையையும் தருகிறது. 1972இல் கமலாகர் சாரங் இயக்கத்தில் இது அரங்கேறியபோது மகாராட்டிரத் தணிக்கை வாரியம் பல வெட்டுகளை வலியுறுத்தியது. நீதிமன்றம் சென்றே நாடகம் மீண்டது. மேடையில் காட்டப்படும் செயல்களைத் தனித்தனியே பெயர்த்தெடுத்து எண்ணுவது தணிக்கையின் முறை. உள்ளடக்கக் குறிப்பும் அதே முறையில் எழுதப்பட்டால், தடை கோருவோர்க்கான குற்றப்பத்திரிகையைக் குழுவே எழுதித் தந்ததாகிவிடும். இவ்வச்சம் மிகையன்று. 1876இல் கல்கத்தாவில் ‘சுரேந்திர வினோதினி’ நாடகத்தின் மீது சாட்டப்பட்ட குற்றம் ஆபாசம். அந்நாடகத்தில் அதிகாரத்தை உறுத்தியதோ முறைகேடாக நடக்கும் ஆங்கிலேய மாஜிஸ்திரேட்டின் பாத்திரம். உயர்நீதிமன்றம் தண்டனையை நீக்கியும், அவ்வாண்டே நாடக நிகழ்த்துச் சட்டம் நிறைவேறிற்று. 2018இன் தொடக்கத்தில்தான் அது நீக்கப்பட்டது. தமிழகத்தின் 1954ஆம் ஆண்டுச் சட்டம் எம்.ஆர். ராதாவின் நாடகங்களை ஒட்டி எழுந்தது என்பர். பரீக்ஷா குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாதனவாக 2013இல் அறிவிக்கப்பட்டன. ‘ஆபாசம்’ என்னும் சொல் எதை மறைக்கப் பயன்பட்டது என்பதை நாடகக் குழுக்கள் மறந்துவிடலாகாது.

மூன்றாவதான திரௌபதியில் இச்சிக்கல் முற்றுகிறது. மகாசுவேதா தேவியின் சிறுகதையைத் தழுவி எச். கன்ஹையாலால் 2000இல் மணிப்பூரில் உருவாக்கிய இந்நாடகத்தில், படையினரால் சிதைக்கப்பட்ட பழங்குடிப் பெண் ஆடை உடுக்க மறுத்து அதிகாரியின் முன் நிற்கிறாள். அக்காட்சியில் நடிகை சாவித்திரி ஹெய்ஸ்னம் ஆடையின்றித் தோன்றியது இம்பாலில் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. நான்காண்டுகள் கழிந்து, 2004 சூலை 15 அன்று, காவலில் கொல்லப்பட்ட பெண்ணுக்கு நீதி கேட்டு மணிப்பூரின் தாய்மார் பன்னிருவர் காங்ளாக் கோட்டை வாயிலில் ஆடை களைந்து நின்றனர். அதன் பின்னர் அந்நாடகத்தைப் பழித்தவர் நோக்கும் மாறிற்று. மேடைக் காட்சியிலும் கோட்டை வாயில் நிகழ்விலும் செயல் ஒன்றே. ‘ஆடையின்மை’ என்னும் ஒற்றைச் சொல் அச்செயலைக் குறிக்கும். அது குற்றச்சாட்டாக நிற்பதைக் குறிக்காது. கூத்தில் திரௌபதியின் துகிலைப் பிறர் உரிகின்றனர், கண்ணன் அருளுகிறான். இங்கு அருள எவருமில்லை, அவளே துணியை எறிகிறாள். இரண்டுக்கும் ஒரே முன்னறிவிப்பு எழுதும் முறை எங்கோ பிழைபட்டிருக்கிறது. இதே சிறுகதை 2021இல் தில்லிப் பல்கலைக்கழக ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அதைப் படிக்கவிருந்தவர்கள் வாக்களிக்கும் வயதினர். வயதைக் காரணமாக்க இயலாத இடத்திலும் உள்ளடக்கம் காரணமாக்கப்படும் என்பதற்கு இது சான்று.

வன்முறைக்கு ஆளானவர்கள் அவையில் இருப்பர் என்பதையும் எண்ண வேண்டும். திரௌபதிக்கு முன்னறிவிப்பே கூடாது என்போர் இதைக் கருதுவதில்லை. அத்தகையோர்க்குக் குறிப்பு வயதைப் பற்றியதே அன்று. எந்த இடத்தில் எது வரும் எனத் தெரிந்தால் அவர்கள் தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்டு அமரவும் கூடும். தெரியாவிடின் பாதியில் எழுந்து செல்ல நேரும். எனவே குறிப்பு தேவை. ஆனால் அது செயலின் பெயரோடு நில்லாமல், யார் யாருக்குச் செய்வது, கண்முன் நடிக்கப்படுவதா சொல்லப்படுவதா, எவ்வளவு நேரம் நீள்வது என்பவற்றைச் சொல்ல வேண்டும். போரைச் சொல்லக் கேட்பதற்கும் நேரிற் காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாட்டிய சாஸ்திரமே அறிந்திருந்தது; இன்றைய குறிப்புகள் பல அதை அறியாதவை போல் எழுதப்படுகின்றன.

இக்குறிப்பை எழுதும் பொறுப்பு பெரும்பாலும் விளம்பரப் பணி பார்ப்போரிடம், ஒத்திகைக்கு முன்பே, கதைச்சுருக்கத்தைக் கொண்டு முடித்துவிடுமாறு தரப்படுகிறது. ஒத்திகை முடிந்தபின் இயக்குநரும் நடிகர்களும் அமர்ந்து எழுதினால் ஊருபங்கத்துக்கு அது இவ்வாறு அமையக்கூடும்: ‘போர் வாய்மொழியாகச் சொல்லப்படுகிறது. தொடை முறிந்த தந்தையின் மடியில் அமர விரும்பி, அமர முடியாமற் போகும் சிறுவன் ஒருவன் வருகிறான். தந்தை அவையோர் காண இறக்கிறார். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெரியவர் ஒருவருடன் அமர்ந்து காணலாம்.’